ஓதோவின் பெருவெண்கலம்: ரோம் அச்சடிக்காத ஒரு நாணயத்தின் கதை

ரோமப் பேரரசின் பெரிய பித்தளை நாணயங்களைச் சேர்ப்பவர்களிடம் தலைமுறை தலைமுறையாக ஓர் ஆசை இருந்து வருகிறது. ஜூலியஸ் சீசரில் தொடங்கி டொமிஷியனில் முடியும் பன்னிரண்டு பேரையும் ஒரே தட்டில், ஒரே அளவில், வரிசையாக அடுக்கிவிட வேண்டும் என்பதுதான் அது. இந்தப் பன்னிரண்டு பேரின் வாழ்க்கையையும் கி.பி. 2ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரோம எழுத்தாளர் சுவெட்டோனியஸ் எழுதி வைத்தார். மறுமலர்ச்சிக் கால இத்தாலியில் அந்த நூல் கற்றவர்கள் வீடுகளில் புழங்கியது. நூலில் படித்த முகங்களை உலோகத்தில் காண விரும்பியவர்கள் நாணயம் தேடினார்கள். பெரிய நாணயத்தில் முகம் பெரிதாகத் தெரியும் என்பதால் தேட்டம், சேகரிப்பாளர்கள் பெருவெண்கலம் என்று அழைக்கும் செஸ்டெர்ஷியஸ் நாணயத்தின் பக்கம் திரும்பியது.

வரிசையில் எட்டாவது இடம், 69ஆம் ஆண்டில் மூன்று மாதம் மட்டுமே ஆண்ட பேரரசர் ஓதோவுக்கு உரியது. அந்த இடத்தை நேர்மையாக நிரப்ப வழியில்லை. ரோம் நகர அக்கசாலை, அதாவது நாணயம் அடிக்கும் பட்டறை, ஓதோவின் பெயரில் பொன் நாணயமும் வெள்ளி நாணயமும் அடித்தது. செஸ்டெர்ஷியஸ் ஒன்றுகூட அடித்ததாகத் தெரியவில்லை. ரோமப் பேரரசு நாணயங்களுக்கான அடிப்படைப் பட்டியலில் ஓதோவின் பகுதியைப் புரட்டினால் பொன்னும் வெள்ளியும் மட்டுமே இருக்கும். அப்படியிருந்தும் "ஓதோ செஸ்டெர்ஷியஸ்" என்ற பெயரில் நாணயங்கள் 16ஆம் நூற்றாண்டிலிருந்து கைமாறி வருகின்றன.

இல்லாத நாணயம் எப்படிப் பிறந்தது, யார் செய்தார்கள், கையில் வந்தால் எப்படி அடையாளம் காண்பது என்பதே இந்த ஆய்வின் பொருள். பெருவெண்கலச் சேகரிப்பின் முக்கியமான சிக்கல்கள் பெரும்பாலும் இந்த ஒரு நாணயத்தில் கூடியிருக்கின்றன. இந்தத் துறையில் காலடி வைப்பவர் முதலில் படிக்க வேண்டிய நிகழ்வு இது என்று உறுதியாக நம்புகிறேன்.

நாணயமும் அதன் உலோகமும்

அகஸ்டஸ் ஏறத்தாழ கி.மு. 23இல் நாணய முறையைத் திருத்தியமைத்தார். அந்தத் திருத்தத்தில்தான் செஸ்டெர்ஷியஸ் நாம் அறிந்த பெரிய வடிவத்தைப் பெற்றது. நான்கு செஸ்டெர்ஷியஸ் ஒரு வெள்ளி டெனாரியஸுக்குச் சமம். நூறு செஸ்டெர்ஷியஸ் ஒரு பொன் ஆரியஸுக்குச் சமம். எடை ஏறத்தாழ 25 கிராம், குறுக்களவு பெரும்பாலும் 32 முதல் 36 மில்லிமீட்டர். பிரிட்டிஷ் இந்தியாவின் வெள்ளி ரூபாய் 11.66 கிராம். அதைக் கையில் வைத்துப் பார்த்தவர்கள், அதைப் போல இரண்டு மடங்குக்கும் மேலான எடையை நினைத்துக்கொள்ளலாம்.

சேகரிப்பாளர்கள் இதைப் பெருவெண்கலம் என்று அழைத்தாலும் முதல் நூற்றாண்டு செஸ்டெர்ஷியஸின் உலோகம் பித்தளை. ரோமானியர் அதை ஒரிகால்கம் என்றார்கள். துத்தநாகத்தைத் தனி உலோகமாகப் பிரித்தெடுக்க அவர்களுக்குத் தெரியாது. செம்பைத் துத்தநாகத் தாதுவோடும் கரித்தூளோடும் மூசைக்குள் இட்டு, வாயை மூடி, சூடாக்கினார்கள். துத்தநாகம் 907 டிகிரி செல்சியஸில் ஆவியாகும். வெளியேற வழியில்லாத அந்த ஆவி செம்புக்குள் ஊறியது. இந்த முறையில் துத்தநாகத்தின் பங்கு ஏறத்தாழ 28 விழுக்காட்டைத் தாண்டுவது கடினம். செஸ்டெர்ஷியஸுக்கும் அதில் பாதி மதிப்புள்ள துபோண்டியஸுக்கும் உகந்தது ஸ்பெயினின் கோர்டோபாப் பகுதிச் செம்பு என்றும், அது இந்தத் தாதுவை நன்றாக உறிஞ்சும் என்றும் ரோம எழுத்தாளர் பிளினி எழுதியிருக்கிறார். புதிதாக அடித்த செஸ்டெர்ஷியஸ் பொன்னைப் போல மஞ்சளாக மின்னியிருக்கும். ஆற்று மணலில் கிடந்து, பச்சைக் களிம்பு ஏறாமல் தப்பிய சில நாணயங்களில் அந்த நிறத்தை இன்றும் பார்க்கலாம். டைபர் நதியின் பெயரைச் சொல்லி அந்தத் தோற்றத்தை அழைப்பார்கள்.

பித்தளையை மறுபடி உருக்கினால் துத்தநாகத்தில் ஒரு பகுதி ஆவியாகிப் போகும். பழைய நாணயங்களை உருக்கிப் புதியவை அடித்ததாலும், புதிய பித்தளையின் வரத்து குறைந்ததாலும், 2ஆம் நூற்றாண்டின் இறுதிக்குள் செஸ்டெர்ஷியஸில் துத்தநாகத்தின் பங்கு வெகுவாகச் சரிந்தது. ஈயமும் வெள்ளீயமும் சேர்ந்தன. 3ஆம் நூற்றாண்டில் விலைவாசி ஏற ஏற நாணயம் சிறுத்தது. டெஷியஸ் 249க்கும் 251க்கும் இடையில் இரட்டைச் செஸ்டெர்ஷியஸ் அடித்துப் பார்த்தார். கால் (Gaul) எனப்பட்ட இன்றைய பிரான்ஸ் பகுதியில் தனியாட்சி நடத்திய போஸ்டுமஸ், தேய்ந்துபோன பழைய செஸ்டெர்ஷியஸ்களின் மேலேயே தன் முகத்தை அடித்தார். அத்தோடு இந்த நாணயத்தின் காலம் ஏறக்குறைய முடிந்துவிட்டது.

அளவு பெரிதாக இருந்ததால் அச்சுச் செதுக்குநருக்கு இடம் கிடைத்தது. நீரோவின் ஆஸ்டியா துறைமுக நாணயத்தைப் பாருங்கள். பறவைப் பார்வையில் துறைமுகம், வளைந்த அலைதாங்கிகள், நடுவே கப்பல்கள், கீழே சாய்ந்து படுத்த நீர்த்தெய்வம். கப்பல்களின் எண்ணிக்கைகூட அச்சுக்கு அச்சு மாறும். டைட்டஸின் 80-81 நாணயத்தில் கொலோசியம், உள்ளே கூட்டம் தெரியும்படி, மேலிருந்து பார்க்கும் கோணத்தில் இருக்கிறது. இத்தனை விவரத்தை வெள்ளி டெனாரியஸில் அடக்க முடியாது. 2008இல் ஜெனீவா ஏலத்தில் ஹாட்ரியனின் செஸ்டெர்ஷியஸ் ஒன்று 20 லட்சம் சுவிஸ் ஃபிராங்குக்குப் போனது. உலோகத்துக்காக யாரும் அந்த விலை தரமாட்டார்கள். அச்சைச் செதுக்கியவனின் கைக்குக் கிடைத்த விலை அது.

பன்னிரண்டில் யார் யார் கிடைப்பார்கள்

ஓதோ மட்டும்தான் தொல்லை என்று நினைத்துவிடக் கூடாது. ஜூலியஸ் சீசர் காலத்தில் இந்த நாணயம் இந்த வடிவில் இல்லவே இல்லை. அவர் முகம் வேண்டுமானால், பிற்பாடு அகஸ்டஸ் என்று பெயர் பெற்ற ஒக்டேவியன், சீசரைத் தெய்வமாக்கி அடித்த பெரிய வெண்கல நாணயத்தைத் தேட வேண்டும். அகஸ்டஸின் ரோம் செஸ்டெர்ஷியஸில் முகம் கிடையாது. ஓக் இலை மாலையும் எழுத்துகளும்தான். லியோன் அக்கசாலையின் பலிபீட நாணயத்தில் முகம் உண்டு, ஆனால் அந்த அளவில் அது அரிது. டைபீரியஸ் தன் புகழ்பெற்ற செஸ்டெர்ஷியஸில் ஆசனத்தில் அமர்ந்திருக்கிறார். 17ஆம் ஆண்டு நிலநடுக்கத்தில் இடிந்த ஆசிய மாகாண (இன்றைய மேற்குத் துருக்கி) நகரங்களை மீட்டுக் கட்டியதன் நினைவாக அடித்தது அது.

கலிகுலாவிலிருந்து முகங்கள் தாராளமாக வரத் தொடங்குகின்றன. அவருடைய வெண்கல நாணயங்களை உருக்கிவிடும்படி 43இல் செனட் ஆணையிட்டதாக வரலாற்றாசிரியர் டியோ கூறுகிறார். உருகாமல் தப்பியவை போதுமான அளவு இருக்கின்றன. மூன்று சகோதரிகளும் பெயரோடு நிற்கும் நாணயத்துக்கு விலை எப்போதும் உச்சத்தில்தான் இருக்கும். கிளாடியஸ், நீரோ எளிதில் கிடைப்பார்கள். கல்பா ஆண்டது ஏழே மாதம். ஆனாலும் அவருடைய அக்கசாலை அபாரமாக உழைத்தது. கிழவரின் கழுத்துச் சுருக்கத்தையும் வளைந்த மூக்கையும் இத்தனை துணிச்சலாகக் காட்டிய நாணயங்கள் ரோம வரலாற்றிலேயே குறைவு. விட்டெல்லியஸுக்குத் தேட வேண்டும், ஆனால் கிடைக்கும். வெஸ்பாசியன், டைட்டஸ், டொமிஷியன் மூவருக்கும் பஞ்சமில்லை.

ஆக முதல் மூன்று பேருக்கும் எப்படியோ சமாதானம் சொல்லி வரிசையை நிரப்பிவிடலாம். ஓதோவிடம் வரும்போது சேகரிப்பாளர் மறுபடியும் நின்றுவிடுகிறார்.

தொண்ணூற்றைந்து நாள்

69ஆம் ஆண்டு ஜனவரி 15 அன்று கல்பா ரோம் நகர மன்றத்தில் கொல்லப்பட்டார். காவல்படை ஓதோவை அரியணையில் ஏற்றியது. ஜெர்மானிய எல்லைப் படைகள் அதற்கு முன்பே விட்டெல்லியஸைப் பேரரசராக அறிவித்திருந்தன. ஏப்ரல் 14 அன்று வடஇத்தாலியில் பெட்ரியாகம் அருகே ஓதோவின் படை தோற்றது. இன்னும் ஒரு போர் நடத்த ஆளும் பணமும் இருந்தபோதும், உள்நாட்டுக் குருதிச் சிந்தல் போதும் என்று ஓதோ தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். சுவெட்டோனியஸ் கணக்கில் அது அவருடைய ஆட்சியின் 95ஆம் நாள்.

அந்த நாட்களில் ரோம் அக்கசாலை சும்மா இருக்கவில்லை. "செக்யூரிட்டாஸ் பி ஆர்" என்ற எழுத்தோட்டம் கொண்ட வெள்ளி டெனாரியஸ் இன்றும் சந்தைக்கு வருகிறது. ரோம மக்களின் பாதுகாப்பை ஒரு பெண் உருவமாக நிறுத்தி, கையில் மாலை கொடுத்திருப்பார்கள். முன்பக்கத்தில் ஓதோவின் தலைமுடி படிப்படியாக, வரிசை வைத்தாற்போல இருக்கும். முடி குறைந்திருந்ததால் அவர் பொய்முடி அணிந்தார் என்று சுவெட்டோனியஸ் எழுதியதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

பித்தளை ஏன் அடிக்கவில்லை? செஸ்டெர்ஷியஸில் "எஸ் சி" என்ற இரண்டு எழுத்துகள் இருக்கும். செனட்டின் தீர்மானப்படி என்று பொருள். இதை வைத்து, செனட்டுக்கும் ஓதோவுக்கும் இடையில் இணக்கம் இல்லை என்று சிலர் வாதிட்டார்கள். எனக்கு அது வலுவாகப் படவில்லை. செனட் அவருக்குப் பட்டங்களை முறைப்படி வழங்கியது. மார்ச் மாதத்தில் தலைமைக் குருப் பதவியும் வந்துவிட்டது. பணத்தின் பயனைப் பார்த்தால் விடை எளிது என்று நினைக்கிறேன். ஓதோவுக்கு உடனடித் தேவை படைக்குச் சம்பளமும் பரிசும். அதற்குப் பொன்னும் வெள்ளியும் வேண்டும். கடைத்தெருவில் புழங்கும் பித்தளையைக் கல்பாவின் அக்கசாலை ஏற்கெனவே மலையளவு அடித்து வைத்திருந்தது. போர் நெருங்கிய மூன்று மாதத்தில் அவசரமில்லாத வேலையை அக்கசாலை தள்ளிப் போட்டிருக்கும்.

கிழக்கில் நிலைமை வேறு. சிரியாவின் அந்தியோக் நகரில் ஓதோவின் முகத்தோடு வெண்கல நாணயம் அடித்தார்கள். முன்பக்கத்தில் லத்தீன் எழுத்தில் அவருடைய பெயர், பின்பக்கத்தில் மாலைக்குள் "எஸ் சி". அளவில் செஸ்டெர்ஷியஸைவிடச் சிறியது. எகிப்தின் அலெக்சாந்திரியாவிலும் கிரேக்க எழுத்தில் அவருக்கு நாணயங்கள் உண்டு. இவை உண்மையானவை. இதை மனத்தில் வைத்துக்கொண்டு, போலி பிறந்த வடஇத்தாலிய நகரமான பதுவாவுக்குப் போவோம்.

பதுவாவில் நடந்தது

ஜோவான்னி தா காவினோ 1500இல் பிறந்து 1570இல் இறந்தவர். பதுவா நகரத்துப் பொற்கொல்லர், பதக்கக் கலைஞர். பல்கலைக்கழகம் இருந்த அந்த ஊரில் பழம்பொருள் ஆர்வம் கற்றவர்களின் அன்றாடப் பேச்சாக இருந்தது. சட்டப் பேராசிரியர் மார்கோ மாந்தோவா பெனாவிதெஸ் போன்ற சேகரிப்பாளர்கள் அங்கே வாழ்ந்தார்கள். காவினோவுக்கு அலெஸ்ஸாந்த்ரோ பஸ்ஸியானோ என்ற அறிஞர் துணை நின்றார். இருவரின் முகங்களும் அருகருகே அமைந்த பதக்கம் ஒன்றைக் காவினோ செய்திருக்கிறார். ரோம வரலாறும் எழுத்தோட்டமும் அறிந்தவர் ஒருவர், உளி பிடிக்கத் தெரிந்தவர் ஒருவர். இந்தக் கூட்டின் விளைவுதான் "பதுவான்" என்று இன்று அழைக்கப்படும் நாணயப் படிகள்.

காவினோ உண்மையான ரோம நாணயத்தை மணலில் அழுத்தி வார்ப்பு எடுக்கவில்லை. எஃகில் புதிய அச்சுகளைச் செதுக்கினார். அந்த அச்சுகளால் புதிய தட்டுகளில் அடித்தார். நீரோவின் ஆஸ்டியா துறைமுகம், கலிகுலா படையிடம் பேசும் காட்சி, கலிகுலாவின் தாய் மூத்த அக்ரிப்பினாவின் மூடுவண்டி என்று அன்றைய சேகரிப்பாளர்கள் ஏங்கிய அரிய வகைகளை எல்லாம் செய்தார். இவற்றுக்கு முன்மாதிரி இருந்தது. ஓதோவுக்கு முன்மாதிரி இல்லை. அங்கே காவினோ கண்டுபிடிப்பாளர் ஆனார். வெள்ளி நாணயத்திலிருந்து முகத்தை எடுத்துப் பெரிதாக்கினார். பின்பக்கத்துக்கு அதே "செக்யூரிட்டாஸ்" சொற்களை வைத்துக்கொண்டு, ஓதோ படைவீரர்களோடு கைகோக்கும் காட்சியை அமைத்தார். "எஸ் சி"யையும் சேர்த்தார். செனட் அடித்திருந்தால் எப்படி இருந்திருக்குமோ அப்படி ஒரு நாணயம் பிறந்தது.

இது மோசடியா? இந்தக் கேள்விக்கு நான் கவனமாகவே பதில் சொல்ல விரும்புகிறேன். பழைய கலைஞர்களோடு போட்டியிடுவது அந்தக் காலத்தில் பெருமைக்குரிய செயல். காவினோ வாழ்ந்துகொண்டிருந்த 1555இலேயே வெனிஸில் வெளிவந்த நாணய நூலில் ஏனியா விகோ, ரோம நாணயங்களைப் பின்பற்றிச் செய்யும் கலைஞர்களைப் பெயர் சொல்லிப் பட்டியலிட்டார். காவினோவின் பெயர் அதில் இருக்கிறது. ஊரறிந்த வேலையை ஒளித்துச் செய்ததாகச் சொல்ல முடியாது. செல்வம் குறைந்த அறிஞர்களுக்கும் அரசர்களுக்கும் ஒரேபோலப் படிகள் தேவைப்பட்டன. அதே நேரத்தில், களிம்பேற்றி உண்மை நாணயமாக விற்றவர்கள் இருந்தார்கள் என்பதும் உறுதி. விகோவே மோசடி முறைகளைப் பற்றித் தனியாக எழுத வேண்டியிருந்தது. காவினோவின் உளியை நான் குறை சொல்லமாட்டேன். அவர் செய்ததை வாங்கிப் பெயரை மாற்றி விற்றவர்கள்தான் இந்த நிகழ்வின் குற்றவாளிகள்.

அதைவிடப் பெரிய கேடு பின்னால் வந்தது. காவினோ அடித்த நாணயங்களிலிருந்து வார்ப்பு எடுத்தார்கள். அந்த வார்ப்பிலிருந்து இன்னொரு வார்ப்பு. 17, 18, 19ஆம் நூற்றாண்டுகள் முழுவதும் இது நடந்தது. இன்று விற்பனைக்கு வரும் "பதுவான்" நாணயங்களில் மிகப் பெரும்பாலானவை இந்தப் பேரப்பிள்ளை வார்ப்புகள்தான். காவினோ தம் கையால் அடித்தவை அரிது. அவற்றுக்கென்றே தனிச் சேகரிப்பாளர்கள் இருக்கிறார்கள்.

நல்லகாலமாக அச்சுகள் பல அழியாமல் தப்பின. 17ஆம் நூற்றாண்டில் பாரிஸின் செயின்ட் ஜெனிவியேவ் மடத்துக்கு வந்து, பிறகு பிரான்ஸ் தேசிய நூலகத்தின் நாணயப் பிரிவைச் சேர்ந்தன. போலிக்கு எதிரான சான்றுகளில் இதைவிட உறுதியானது எது? ஓர் எழுத்தின் சாய்வு, கன்னத்தில் ஒரு கீறல், முத்து வளையத்தில் ஒரு முத்தின் இடம் ஆகியவை அச்சோடு பொருந்தினால் வாதமே தேவையில்லை.

கையில் வந்தால் பார்க்க வேண்டியவை

ஓதோவைப் பொறுத்தவரை தீர்ப்பு முன்பே எழுதப்பட்டுவிட்டது. ரோம் செஸ்டெர்ஷியஸ் என்று சொன்னால் போலி. ஆனால் அதே கையால், அதே முறையில் செய்த நீரோவும் கலிகுலாவும் உண்மை நாணயங்களோடு கலந்து வருவார்கள். ஆகவே ஓதோவை வைத்துக் கண்ணைப் பழக்கிக்கொள்வது நல்ல பயிற்சி.

முகத்தை முதலில் பார்க்காதீர்கள் என்பதே என் முதல் வேண்டுகோள். முகம் காவினோவின் பலம். எழுத்துகளைப் பாருங்கள். ரோம அச்சில் எழுத்துகள் குட்டையாக, தடித்து, கோடுகளின் முனை சற்றே விரிந்து நிற்கும். இடைவெளியும் சீராக இராது. கடைசி எழுத்துகள் இடம் போதாமல் நெருக்கியடித்து நிற்பதும் உண்டு. காவினோவின் எழுத்துகள் மெல்லியவை, கூரியவை, அளந்து வைத்தவை. 16ஆம் நூற்றாண்டில் அச்சுப் புத்தகங்களுக்கு வெட்டிய ரோமன் எழுத்துகளோடு பழகிய கண் அவருடையது. அந்தப் பழக்கத்தை அவரால் மறைக்க முடியவில்லை. இந்த வேறுபாட்டை ஒருமுறை கண்டுகொண்டால் பிறகு தவறவே தவறாது.

அடுத்தது விளிம்பு. ரோமானியர் சூடேற்றிய கனமான தட்டைச் சம்மட்டியால் அடித்தார்கள். உலோகம் வெளிப்பக்கமாகப் பிதுங்கும், விளிம்பில் வெடிப்பு விழும், வட்டம் கோணலாகும். பதுவானின் வட்டம் பெரும்பாலும் ஒழுங்கானது, தட்டு பல நேரங்களில் மெலிந்தது. வார்ப்பாக இருந்தால் விளிம்பைச் சுற்றி அரத்தின் தடம் தெரியும், அல்லது இரண்டு அச்சுப்பாதிகள் சேர்ந்த கோடு தெரியும். பத்து மடங்கு பெரிதாக்கும் கண்ணாடியும் சாய்வாக விழும் ஒற்றை விளக்கும் போதும். வார்ப்பின் மேற்பரப்பு சோப்பைத் தேய்த்ததுபோல மழுங்கி, ஊசிமுனைக் குழிகளோடு இருக்கும். உருகிய உலோகம் ஆறும்போது சுருங்குவதால் மூலத்தைவிட ஒரு சிறிதளவு சிறுத்தும் இருக்கும். முன்பக்க அச்சும் பின்பக்க அச்சும் எந்தத் திசையில் நிற்கின்றன என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். முதல் நூற்றாண்டு ரோம் செஸ்டெர்ஷியஸில் ஒருபக்கம் நேராக இருந்தால் மறுபக்கம் பெரும்பாலும் தலைகீழாக இருக்கும்.

உலோகப் பரிசோதனையைப் பற்றி ஓர் எச்சரிக்கை அவசியம். எக்ஸ்-கதிர் கருவியை நாணயத்தின் மேல் வைத்துத் துத்தநாக விழுக்காடு கேட்பது இப்போது எளிதாகிவிட்டது. விழுக்காடு 35ஐத் தாண்டினால் சந்தேகமே வேண்டாம். அது துத்தநாகத்தை உலோகமாக உருக்கிச் சேர்த்த பிற்காலப் பித்தளை. ஆனால் காவினோ காலத்து ஐரோப்பாவிலும் பித்தளை மூசைக்குள் தாது இட்டே செய்யப்பட்டது. ரோமானியரின் அதே முறை, ஏறத்தாழ அதே அளவு. ஆகவே 20 விழுக்காடு என்று கருவி சொன்னால் அது ரோம நாணயத்துக்கும் பொருந்தும், 16ஆம் நூற்றாண்டுப் படிக்கும் பொருந்தும். மேலும் மண்ணில் கிடந்த நாணயத்தின் மேல்தோலிலிருந்து துத்தநாகம் கரைந்து போயிருக்கும். கருவி படிப்பது அந்தத் தோலைத்தான். கருவியின் எண்ணைவிடக் கண்ணின் சான்றுக்கு இங்கே மதிப்பு அதிகம்.

களிம்பைப் பொறுத்தவரை, இயற்கையாக ஏறியது அடுக்கடுக்காக இருக்கும். உலோகத்தை ஒட்டிச் சிவந்த அடுக்கு, அதன்மேல் பச்சை. தூரிகையால் பூசிய பச்சை அசிட்டோன் தோய்ந்த பஞ்சில் ஒட்டிக்கொண்டு வந்துவிடும். தேய்த்தால் உதிரும் வெளிர்பச்சைத் தூள் தெரிந்தால் அது வேறு சிக்கல்: குளோரைடு நோய். அது காற்றின் ஈரத்தோடு சேர்ந்து உலோகத்தைத் தின்றுகொண்டே போகும். சென்னை போன்ற கடலோர ஊர்களில் வெண்கலம் சேர்ப்பவர்கள் பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் வைக்காமல் இருக்கவே கூடாது.

உளி போட்ட உண்மை நாணயம்

ஓதோவை உருவாக்க இன்னொரு வழியும் இருந்தது. உண்மையான ரோம நாணயம் ஒன்றை எடுத்து, உளியால் எழுத்துகளை மாற்றி, முகத்தைத் திருத்திவிடுவது. தட்டு உண்மை, விளிம்பு உண்மை, எடை உண்மை, களிம்பில் பாதி உண்மை. அச்சு ஒப்பீடும் இதில் உதவாது. மாற்றிய இடத்தில் பின்னணித் தளம் சற்றே பள்ளமாகியிருக்கும் என்பதுதான் தடயம். உலோகத்தைச் செதுக்கி எடுக்கலாம், சேர்க்க முடியாது. ஆகவே புதிய எழுத்து நிற்க வேண்டுமானால் சுற்றுப்புறம் தாழ வேண்டும்.

இந்த வழியின் மென்மையான வடிவம் இன்றும் பரவலாக நடக்கிறது. யாரையும் ஓதோவாக மாற்றமாட்டார்கள். தேய்ந்த நீரோவின் முடியைப் புதிதாகக் கோடு கிழிப்பார்கள். கப்பலின் பாய்மரத்தைத் தூக்கிக் காட்டுவார்கள். அரித்துப்போன தளத்தைச் சுரண்டி வழுவழுப்பாக்குவார்கள். ஏலப் பட்டியல்களில் இதைச் சிறிய எழுத்தில் ஒரு சொல்லில் சொல்லிவிட்டுப் போவதும் உண்டு, சொல்லாமல் விடுவதும் உண்டு. பெரிய நாணயம் என்பதால் உளிக்கு இடம் இருக்கிறது. சிறிய வெள்ளி நாணயத்தில் இந்தத் துன்பம் இவ்வளவு இல்லை.

இதில் எனக்கு மாறாத கருத்து உண்டு. முகம் பாதி தேய்ந்து, எழுத்தில் மூன்றிலொரு பங்கு போய், யாரும் தொடாமல் இருக்கும் செஸ்டெர்ஷியஸை நான் மதிக்கிறேன். அது கைகளில் எவ்வளவு காலம் புழங்கியது என்பதற்கு அந்தத் தேய்மானமே ஆவணம். உளி பட்ட நாணயத்தில் நாம் பார்க்கும் முடி அலை ரோமக் கலைஞன் செதுக்கியது அன்று, அது நேற்றைய வியாபாரியின் ஊகம். ஆராய்ச்சிக்கு அந்த நாணயம் பயன்படாது.

தமிழகத்தில் இது கிடைக்குமா

ரோம நாணயம் என்றதும் கரூரையும் புதுக்கோட்டையையும் நினைப்பது நமக்கு இயல்பு. இங்கே கண்டெடுத்த முதல் நூற்றாண்டு நாணயங்கள் பெரும்பாலும் வெள்ளியும் பொன்னும். புதுக்கோட்டையில் 1898இல் கிடைத்த குவியலில் 501 பொன் நாணயங்கள் இருந்தன. பலவற்றில் பேரரசரின் முகத்தின் குறுக்கே வெட்டு விழுந்திருந்தது. 4, 5ஆம் நூற்றாண்டுகளின் சின்னஞ்சிறு செப்புக் காசுகள் கரூர் அமராவதி ஆற்றுப் படுகையிலும் இலங்கையிலும் நிறையக் கிடைத்திருக்கின்றன. செஸ்டெர்ஷியஸ் இங்கே மிக மிக அரிது. மிளகுக்கும் முத்துக்கும் விலையாக வந்தது எடைக்கு மதிப்புள்ள உலோகம். ரோம் நகரக் கடைத்தெருவில் மட்டும் மதிப்புள்ள பித்தளை வட்டைக் கப்பலில் ஏற்றி வர வணிகனுக்குக் காரணமில்லை. ஆகவே "ஆற்றில் கிடைத்தது" என்ற கதையோடு ஒரு பெருவெண்கலம் நம் ஊரில் விற்பனைக்கு வந்தால், நாணயத்தைப் பார்க்கும் முன்பே கதையைச் சந்தேகியுங்கள்.

எட்டாவது இடத்தில் என்ன வைப்பது

முதல் தகுதி அந்தியோக் வெண்கலத்துக்கு. அது ஓதோ ஆண்ட நாட்களில், அவர் பெயரில், வெண்கலத்தில் அடித்த உண்மை நாணயம். அளவு குறைவதால் வரிசை சற்றே பிசிறும், அதைப் பொறுத்துக்கொள்ளலாம். களிம்புக்கு அடியில் பெயர் தெளிவாகப் படிக்க முடிகிறதா என்று மட்டும் பார்க்க வேண்டும். அந்தியோக்கில் முன்னும் பின்னும் வந்த பேரரசர்களுக்கும் இதே மாலை, இதே இரண்டு எழுத்து என்பதால், பெயர் அழிந்த கல்பாவும் வெஸ்பாசியனும் ஓதோவாக விலை போவதுண்டு.

காவினோ தம் அச்சால் அடித்த ஓதோ கிடைத்தால் அதையும் வைக்கலாம். அட்டையில் "காவினோ, பதுவா, 16ஆம் நூற்றாண்டு" என்று எழுதி வைத்தால் அது மறுமலர்ச்சிக் காலத்தின் உண்மையான கலைப்பொருள். அச்சு ஒப்பீடு செய்த விவரம், யாரிடமிருந்து எந்த ஏலத்தில் வந்தது, அதற்கு முன் எந்தச் சேகரிப்பில் இருந்தது ஆகியவற்றையும் அதே அட்டையில் சேர்த்துவிட வேண்டும். பிற்கால வார்ப்பை அந்த விலைக்கு வாங்கக் கூடாது. ஏற்கெனவே வாங்கியிருந்தால் தட்டிலிருந்து எடுத்து, போலிகளுக்கென்று ஒதுக்கிய உறையில் "வார்ப்பு" என்று எழுதி வையுங்கள். நம் காலத்துக்குப் பிறகு பெட்டியைத் திறப்பவர்கள் அதை மறுபடியும் ஓதோவின் செஸ்டெர்ஷியஸ் என்று விற்காமல் இருக்க அந்த ஒரு சொல் போதும்.